பிஎஸ்5 ஸ்லிம்: களியக்காவிளைப் பக்கம் வாங்கினால் டிஸ்க் டிரைவோடு வாங்குங்கள்

பிஎஸ்5 ஸ்லிம் என்பது சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5-இன் மெலிந்த வடிவம். 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போட்டு ஆடும் டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டவுன்லோடு மட்டுமே செய்து ஆடும் டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பெரிய கேம் ஒன்று 4,999 ரூபாய் வரை போகிறது. டிஸ்க் என்றால் ஆடி முடித்ததும் பக்கத்து ஊர்களான மார்த்தாண்டத்திலோ பாறசாலையிலோ ஒருவருக்குக் கைமாற்றிவிடலாம். டவுன்லோடு செய்ததை யாருக்கும் விற்க முடியாது.

டவுன்லோடு கடை என்றைக்கும் திறந்திருக்கும் என்பதும் நிச்சயமில்லை. 2023 மார்ச்சில் நின்டெண்டோ நிறுவனம் தன் பழைய கன்சோல்களான வீ யூ, 3டிஎஸ் ஆகியவற்றின் கடைகளை மூடியது. 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் பழைய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடையும் போயிற்று. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலில் சில கார்ட்ரிட்ஜ்களுக்குள் கேமே கிடையாது, டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும்தான். பிஎஸ்5 டிஸ்க்கிலும் இந்தக் கோளாறு உண்டு: 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்தது 70 எம்பி சொச்சம், மீதி முழுக்க நெட்டில். வாங்கும் முன் அட்டையில் டவுன்லோடு தேவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

நம் பக்கத்தில் பாதி வீட்டுக்கு வளைகுடாவிலிருந்து சாமான் வரும். துபாய் டிஸ்க் இங்கே தாராளமாக ஓடும், பிஎஸ்5 கேமுக்கு இந்த நாட்டில்தான் ஓடும் என்ற பிராந்தியப் பூட்டு இல்லை. சிக்கல் டிஎல்சி எனப்படும், கேமுக்குத் தனியாக வாங்கும் கூடுதல் பகுதிகளில்தான். வளைகுடா டிஸ்க்குக்கு இந்திய அக்கவுண்டில் காசு கொடுத்து டிஎல்சி வாங்கினால் பல கேம்களில் சேராது. டிஸ்க்கும் அக்கவுண்டும் ஒரே பிராந்தியமாக இருக்க வேண்டும். கன்சோலையே கொண்டுவந்தாலும் கரண்டுக்குப் பயமில்லை, 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிளக் பொருந்தாவிட்டால் எட்டு வடிவ முனை உள்ள சாதாரண கேபிள் போதும். வாரண்டியை மட்டும் இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கன்சோலின் சேமிப்பிடம் 1 டிபி என்று போட்டிருந்தாலும் கைக்கு வருவது சுமார் 840 ஜிபி. யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் பிஎஸ்5 கேமைச் சேமித்து வைக்கலாம், அதிலிருந்து ஆட முடியாது. பிஎஸ்4 கேம் ஆடலாம். இடம் போதாதென்றால் கன்சோலுக்குள் மாட்டும் சேமிப்பு அட்டையான எம்.2 எஸ்எஸ்டி வாங்குங்கள். பெட்டியில் பிசிஐஇ நான்காம் தலைமுறை (Gen4) என்று இருக்க வேண்டும், வேகம் நொடிக்கு 5,500 எம்பிக்கு மேல், சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க் உட்பட மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். விலை குறைவென்று மூன்றாம் தலைமுறை எஸ்எஸ்டியைப் போட்டால் கன்சோல் ஏற்காது. ஹீட்சிங்க் தடித்தால் மூடி உட்காராது. மாட்டும் முன் சிஸ்டம் அப்டேட்டை முடித்துவிடுங்கள். மாட்டியபின் முதல் முறை ஆன் செய்ததும் ஃபார்மட் செய்யச் சொல்லும்.

இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், கரண்ட் போய்ப் போய் வரும். இங்கே கன்சோலைக் கெடுக்கிற காரணங்களில் இதுவும் ஒன்று. கன்சோல் தகவலைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அதன் உள்பட்டியலான டேட்டாபேஸ் குழம்பலாம், கேம் திறக்காமல் போகலாம். கன்சோலை முழுக்க அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை ஏறக்குறைய ஏழு நொடி அழுத்திப் பிடியுங்கள். கோளாறு சரிசெய்யும் பட்டியலான சேஃப் மோடு வரும். கன்ட்ரோலரை கேபிளில் செருகி டேட்டாபேஸை மறுபடி கட்டும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆடிய இடத்தைக் காக்கும் சேவ் அழியாது. ஆடும்போது 200 வாட் அளவில் இழுப்பதால், டிவியையும் கணக்கில் சேர்த்து வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் யுபிஎஸ் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. இடி இடிக்கும் இரவுகளில் முழுக்க அணைக்காமல் தூங்கவைக்கும் ரெஸ்ட் மோடில் விடாதீர்கள், பிளக்கையும் லேன் கேபிளையும் சேர்த்தே பிடுங்கிவிடுங்கள்.

ஸ்லிம்மின் டிஜிட்டல் மாடலை ஏற்கெனவே வாங்கியவர்கள் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். முதல் முறை இணைக்க நெட் கட்டாயம் வேண்டும். பழைய டிரைவ் விலைக்கு வந்தால், உங்கள் கன்சோலில் இணைத்து ஒரு டிஸ்க் ஓடுவதைப் பார்த்தபிறகே காசைக் கொடுங்கள்.