பென்ஷன் ஃபண்டா டிரேடிங் கம்பெனியா, குவான்ட் இன்டர்ன்ஷிப் எதுக்குப் போலாம்?

மார்த்தாண்டத்துல இருந்து சித்தி பையன் கேட்டான், அண்ணே ரெண்டு இடத்துல குவான்ட் இன்டர்ன்ஷிப், அதான் கணக்கும் கோடிங்கும் வச்சு முதலீட்டு முடிவு எடுக்கற வேலைக்கு, ஆஃபர் இருக்கு எதுல சேரட்டும்னு. மக்கா, காசுதான் முக்கியம்னா டிரேடிங் கம்பெனி, அதுல பேச்சே இல்ல, ஸ்டைபெண்ட் நல்லா வரும். ஆனா அங்க வேலை மைக்ரோசெகண்ட் கணக்கு, சி பிளஸ் பிளஸ் தண்ணி மாதிரி வரணும், இன்னைக்கு எழுதின மாடல் லாபமா நட்டமான்னு சாயங்காலமே தெரிஞ்சிரும்.

பென்ஷன் ஃபண்ட் அப்படியே தலைகீழு. இப்ப வேலைக்குச் சேர்றவங்களுக்கு முப்பது வருஷம் கழிச்சு குடுக்கணும்ல, அதனால எவ்ளோ ரிட்டர்ன்ங்கறதோட சேத்து, வட்டி குறைஞ்சா கையில இருக்கற பாண்டு (கடன் பத்திரம்), குடுக்க வேண்டிய கடன் ரெண்டும் எப்படி நகரும்னு பாக்கணும். நம்ம பிஎஃப் பணத்தப் பாக்கற ஈபிஎஃப்ஓவே ஷேர் பக்கம் 2015லதான் வந்துச்சு, அதுவும் ஈடிஎஃப் (பல ஷேர ஒண்ணாக் கட்டி ஒரே ஷேர் மாதிரி விக்கற ஃபண்ட்) வழியா, புதுசா வர்ற பணத்துல 5 சதவீதத்துல ஆரம்பிச்சு, அவ்ளோ நிதானம்.

நான் பென்ஷன் பக்கம்தான் போனேன். மொத வாரமே ஒரு ஷேர் 1000ல இருந்து 200க்கு விழுந்திருக்கு, மாடல் வித்துருன்னு கத்துது, நானும் பெருசா ஏதோ கண்டுபிடிச்ச மாதிரி ரிப்போர்ட் போட்டுட்டேன், பாத்தா ஒண்ணுக்கு அஞ்சா ஸ்ப்ளிட் ஆனதுலே, அதான் ஒரு ஷேர அஞ்சாப் பிரிச்சதுல விலை அஞ்சுல ஒண்ணாயிருக்கு, நட்டம் ஒண்ணும் இல்ல, டேட்டாவ அதுக்கேத்த மாதிரி அட்ஜஸ்ட் பண்ணல! பாதி நாள் இந்த மாதிரி டேட்டா கழுவுறதுதான், போர் அடிக்கும். ஆனா 2003 ஏப்ரலுக்கு அப்புறம் சேர்ந்த எங்க டீச்சர் அக்காவோட சிபிஎஸ் (சம்பளத்துல ஒரு பங்கு பிடிச்சுச் சேக்கற பென்ஷன் திட்டம்) பிடித்தம் என்னன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

அவன் கோடிங்ல புலி, பொறுமை சுத்தமா கெடையாது. டிரேடிங்குக்கே போகச் சொல்லிட்டேன்.