கல்வி நன்கொடை: லேப்டாப்பா, ஸ்பான்சரா, மாத்திரையா, பாடமா?

“நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?” ஏழை நாடுகளின் பிள்ளைகள் படிப்புக்குப் பணம் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பில்லை, மோசடிக்காரர்களை வடிகட்ட உதவும். ஆனால் வந்த பணத்தில் 95 சதவீதத்தை ஒழுங்காகச் செலவழித்து, யாருக்கும் உதவாத ஒன்றை வாங்கிக் கொடுக்கும் நிறுவனமும் இந்தக் கேள்வியில் பாஸாகிவிடும். தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் 2013-லேயே நன்கொடையாளர்களுக்குத் திறந்த மடல் எழுதி, இந்த ஒரு எண்ணை வைத்து எடை போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. ஆகவே இங்கே கேள்வியை மாற்றிக்கொள்கிறேன்: பணம் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைக்கு ஏதாவது கூடுதலாக வந்ததா?

முதலில் பொருள் கொடுப்பவர்கள். படம் எடுத்துப் போட இதைவிட வசதியானது கிடையாது. பெரு நாடு ‘பிள்ளைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தில் லட்சக்கணக்கான கணினிகளை வாங்கி விநியோகித்தது. 300-க்கு மேற்பட்ட கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் கூடவே இல்லை. கென்யாவில் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்த கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. வாசிக்கவே முடியாத புத்தகத்தை இலவசமாகக் கொடுத்து என்ன பயன்? இந்த வகையை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

அடுத்தது ஸ்பான்சர் முறை. மாதாமாதம் பணம் கட்டினால் ஒரு பிள்ளையின் படமும் கடிதமும் வரும். கொடுப்பவரை உருக்குவதற்கென்றே செய்த ஏற்பாடு என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. கம்பேஷன் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் ஸ்பான்சர் திட்டத்தை 6 நாடுகளில் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். உதவி பெற்றவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தார்கள். சின்ன விஷயமில்லை. அங்கே பணம் ஃபீஸோடு நிற்பதில்லை, மருத்துவம், மாலை வகுப்பு என்று பலவும் சேர்ந்து வருகிறது. அதனால்தான் தலைக்குச் செலவும் அதிகம். அது ஒரு கிறிஸ்தவ அமைப்பு, மதபோதனையும் திட்டத்தில் அடக்கம். அது சரிப்படுமா என்பது அவரவர் முடிவு. இன்னொன்று, பல ஸ்பான்சர் நிறுவனங்களில் பணம் படத்தில் இருக்கும் பிள்ளைக்கு நேரே போவதில்லை, ஊர்ப் பொதுத் திட்டங்களுக்குப் போகிறது. சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துவிடுங்கள்.

குடற்புழு மாத்திரை கல்வி உதவியா என்று சிலர் கேட்கலாம். 1998 வாக்கில் கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளில் பொருளாதார அறிஞர்கள் மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகெலும் நடத்திய ஆய்வுக்குப் பிறகுதான் இதுவும் கல்வி உதவி என்ற எண்ணம் பரவியது. பள்ளிக்கு வராமை சுமார் கால் பங்கு குறைந்தது. செலவோ ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் கீழே. ஆனால் தேர்வு மதிப்பெண் அப்போது உயரவில்லை. அந்த முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்று, 2015-ல் அந்தத் தரவை மறுபடி அலசியவர்களோடு பெரிய சண்டையே நடந்தது. மலிவு என்பதால் இதை ஒதுக்க மனமில்லை. ஆனால் இதில் கிடைப்பது உடல்நலமும் வருகையும்தான். வாசிப்பு வரும் என்று எதிர்பார்த்துக் கொடுக்காதீர்கள்.

என் ஓட்டு நான்காவதற்கு: பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து கற்பிப்பது. 1995-ல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு இதில் முன்னோடி. இந்தியக் கிராமங்களில் அது நடத்தும் அசர் கணக்கெடுப்பின்படி, 2022-ல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 20.5 சதவீதத்தினரால் மட்டுமே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. மீதிப் பேருக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்திக்கொண்டே போனால் யாருக்காக நடத்துகிறோம்?

சோதனை ரொம்ப எளிது. ஒரு பிள்ளை, ஒரு தாள். முதலில் ஒரு பத்தியை நீட்டுவார்கள். தடையில்லாமல் வாசித்தால் அடுத்து ஒரு கதை. திணறினால் சொற்கள்: ஐந்தில் நான்கு சரியாக வர வேண்டும். அதுவும் வரவில்லையா, தனி எழுத்துகள். சில நிமிடங்களில் பிள்ளையின் நிலை தெரிந்துவிடும். அப்புறம் வகுப்பைக் கலைத்து, எழுத்து தெரிந்தவர்கள் ஒரு குழு, சொல் வாசிப்பவர்கள் ஒரு குழு என்று உட்கார வைத்துத் தினமும் கொஞ்ச நேரம் கற்பிக்கிறார்கள். எட்டு வயதும் பத்து வயதும் ஒரே குழுவில் இருக்கலாம்.

இதே முறை தோற்ற இடங்களும் உண்டு. ஆசிரியருக்குப் பயிற்சியும் பாடப்பொருளும் மட்டும் கொடுத்துவிட்டு வந்தபோது அவர்கள் திரும்பவும் பாடத்திட்டத்தை முடிக்க ஓடினார்கள். ஹரியானாவில் அதற்கென்று தனி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையாளரையும் அனுப்பியபோது மொழியில் முன்னேற்றம் தெரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் பிரதம் ஆட்களே தன்னார்வலர்களோடு பள்ளிக்குள் முகாம் நடத்தியபோது பலன் இன்னும் பெரிது. அதனால் ஒரு நிறுவனம் “இத்தனை ஆயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தோம்” என்று சொன்னால் நான் மயங்க மாட்டேன். அந்த ஆசிரியர் எந்த மணி நேரத்தில் இதை நடத்துகிறார், நடத்தவில்லை என்றால் யாருக்குத் தெரியும் என்று மெயில் போட்டுக் கேளுங்கள். முன்னும் பின்னும் வைத்த தேர்வு முடிவைக் கேளுங்கள், உதவி பெறாத பள்ளிகளோடு ஒப்பிட்டதா என்பதையும் சேர்த்து.

இதற்கெல்லாம் எந்த நிறுவனம் பதில் சொல்லப்போகிறது என்று தோன்றலாம். சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் எஜுகேட் கேர்ள்ஸ் அமைப்பு 2015 முதல் 2018 வரை ஒரு ஒப்பந்தத்தில் வேலை செய்தது: பிள்ளைகள் கற்றதை வெளியார் அளப்பார்கள், முன்பணம் போட்ட முதலீட்டாளருக்குப் பணம் திரும்புவது பெரும்பாலும் அந்த அளவைப் பொறுத்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்தக் கற்றல் இலக்கில் பாதிதான் எட்டியிருந்தார்கள். அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் அதே இலக்கில் 160 சதவீதம்.