கட்டி கரைந்ததா? கேமராவா, எம்ஆர்ஐயா, பயாப்ஸியா

கீமோவும் ரேடியேஷனும் முடிந்தபின் மலக்குடல் புற்றுக்கட்டி முழுதாகக் கரைந்திருந்தால், உடனே ஆபரேஷனுக்குப் போகாமல் கண்காணித்து வரலாம். மலம் வெளியேற வயிற்றில் பை மாட்டும் நிலையையும் பலர் தவிர்த்துவிடலாம். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகர அறுவை மருத்துவர் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா 2004இல் இந்த வழியின் முடிவுகளை வெளியிட்டபோது சந்தேகப்பட்டவர்களே அதிகம். இன்று சண்டை வேறு: கரைந்துவிட்டது என்று எதை நம்பிச் சொல்வது?

என் ஓட்டு முதலில் கேமராவுக்கு, அதாவது ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு. கட்டி இருந்த இடத்தில் வெளிறிய, தட்டையான தழும்பு. அதன்மேல் சிலந்திக்கால் போல மெல்லிய சிவப்பு நாளங்கள். காற்று செலுத்தினால் சுவர் தாராளமாக விரிகிறது. இவ்வளவும் தெரிந்தால் நல்ல செய்தி. புண்ணோ முடிச்சோ குறுகலோ இருந்தால் கவலைதான். தொல்லை நடுவில் நிற்பவை: ஆழமில்லாத சின்னப் புண், லேசான மேடு. அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாமல் சில வாரம் விட்டு மறுபடி பார்ப்பதே முறை.

கேமராவுக்கு ஏன் முதலிடம்? கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய பன்னாட்டுப் பதிவேட்டின் முடிவுகள் 2018இல் வெளியாயின. இரண்டு ஆண்டுகளில் சுமார் கால்வாசிப் பேருக்குக் கட்டி திரும்ப வளர்ந்தது. அதில் 97 சதவீதம் குடல் சுவரிலேயே.

மீதி இடம் எம்ஆர்ஐக்கு. சுவருக்கு வெளியே கொழுப்பில் உள்ள நிணநீர் முடிச்சுகளைக் கேமரா பார்க்கவே முடியாது. ஆனால் ரேடியேஷன் தழும்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு மிச்சத்தை எம்ஆர்ஐயும் தவறவிடும்; திசுவுக்குள் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் வகைப் படங்கள் ஓரளவு கைகொடுக்கும்.

சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் ஏமாற்றுக்காரன். மேல்தோல் ஆறியிருக்க, புற்றணுக்கள் அடியில் தசையில் கிடக்கலாம். 'பயாப்ஸி நெகட்டிவ்' என்ற ஒற்றை வரியை நம்பி நிம்மதியடையக் கூடாது. செலவே இல்லாத விரல் பரிசோதனை, எட்டும் தூரத்துக் கட்டிகளில் கண்ணுக்குத் தப்பும் முடிச்சைப் பிடித்துவிடும்.

எண்டோஸ்கோப்பி படங்களைப் படிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. குடல் சரியாகச் சுத்தமாகாத, மங்கலான படத்தைக் கொடுத்தால் அதுவும் திணறத்தான் செய்யும். இப்போதைக்கு டிஜிட்டலின் உண்மையான லாபம், போன தடவைப் படத்தையும் இந்தத் தடவைப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஆகவே ரிப்போர்ட்டோடு படங்களையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் இரண்டு ஆண்டு 3–4 மாதத்துக்கு ஒருமுறை கேமரா, சுமார் 6 மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ. அப்படி வந்துபோக முடியாதவருக்கு ஆபரேஷனே பாதுகாப்பு.