செலவுக் கணக்கா, மதிப்பெண்ணா, விளைவா?

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு விரலியை எடுப்பார். பட்டென்று ஒடித்து உள்நிறம் பார்ப்பார். எத்தனை வண்டி எரு போட்டீர்கள் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. நம் அமைச்சகங்களில் நெடுங்காலமாக நடந்து வந்தது எரு வண்டிகளை எண்ணும் வேலைதான்.

அரசு வேலையை எடைபோட மூன்று வழிகளைப் பார்க்கலாம். முதலாவது அந்தப் பழைய வழி. அதில் கேள்வி ஒன்றே: ஒதுக்கிய பணம் செலவானதா, சொன்ன வேலைக்கே செலவிட்டோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் வந்ததா? இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் பணம் எங்கே போனது என்று தணிக்கையாளர் பிடிப்பதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. கோளாறு மார்ச் மாதத்தில்தான் தெரியும்: ஆண்டு முடிவதற்குள் பணத்தைத் தீர்த்துவிட அவசரப்படுவார்கள். நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கும் மேல் செலவிடக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகமே வரம்பு போட வேண்டி வந்தது.

இரண்டாவது, 2009இல் மத்திய அரசு கொண்டுவந்த முடிவுச் சட்டக ஆவணம் (Results Framework Document). அமைச்சரும் துறைச் செயலாளரும் கையெழுத்திட்டு, இந்த ஆண்டு இன்னின்ன இலக்கு, இதற்கு இவ்வளவு எடை என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள். ஆண்டு முடிவில் மதிப்பெண்: மிகச் சிறப்பு என்றால் 100, மோசம் என்றால் 60. மோசத்துக்கு 60 தரும் பள்ளிக்கூடம் எனக்குக் கிடைக்கவில்லை. இலக்கை முதலில் முன்வைப்பதும் துறையே என்பதால், தாண்டக்கூடிய உயரத்தில் கம்பை வைக்கத்தான் தோன்றும். 2014க்குப் பிறகு இம்முறை வழக்கொழிந்தது.

மூன்றாவது, விளைவு வழி. 2005-06இல் விளைவு பட்ஜெட் என்று தொடங்கியது. 2017-18 முதல் நிதி ஆயோக்கின் துணையோடு ஒவ்வொரு திட்டத்துக்கும் செலவு, வேலை அளவு, விளைவு மூன்றையும் வரிசையாக எழுதுகிறார்கள்.

இந்த மூன்று வழிகளையும் உரசிப் பார்க்க நொய்யல் ஆறு போதும். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிந்தது. செலவுக் கணக்கில் குறையில்லை. அணை கட்டுவதே இலக்கு என்றால் மதிப்பெண் 100. அணையில் தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு. பாசனத்துக்குக் கட்டிய அணையின் மதகைத் திறக்காதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்டார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விளைவு வழி மட்டுமே இந்தத் தோல்வியைப் பதிவு செய்திருக்கும். ஆனால் யார் பெயரில்? அணை ஒரு துறை, சாயம் இன்னொரு துறை, மாசுக் கட்டுப்பாடு தனி வாரியம். விளைவு துறை எல்லை பார்த்து நிற்பதில்லை. மதிப்பெண் பட்டியல் துறைவாரியாகத்தான் வரும்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் வேறொரு சிக்கல். 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அது, பவானியின் 1.5 டிஎம்சி உபரிநீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்வதற்கானது. குழாயும் நீரேற்று நிலையமும் வேலை அளவு. கிணற்றில் நீர் ஏறுவதே விளைவு. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தால் மோட்டாரே போடாவிட்டாலும் கிணறு ஏறும். மழை பொய்த்தால், இராப்பகலாக மோட்டாரைக் கவனித்த பொறியாளருக்குக் கெட்ட பெயர்.

அதனால் என் தேர்வு இப்படி: திட்டம் தீட்டும்போது விளைவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும், ஆளை எடைபோடும்போது அவர் கைக்கு எட்டுகிற வேலையை வைத்தே எடைபோட வேண்டும். கிணற்று மட்டத்தைக் காட்டிப் பொறியாளரின் பதவி உயர்வை நிறுத்தினால், அடுத்த ஆண்டு ஏட்டில் எல்லாக் கிணறும் நிரம்பி வழியும். அளப்பவரும் வேலை செய்தவரும் ஒருவராக இருக்கவே கூடாது. மஞ்சளை ஒடிப்பது விற்பவர் அல்லவே.

அளப்பதற்குப் பெரிய செலவும் வேண்டாம். அன்னூர்ப் பக்கம் திட்டக் குளத்தை ஒட்டி ஒரு கிணறு, திட்டம் தொடாத பக்கத்து ஊரில் அதே மண்ணில் இன்னொரு கிணறு. மே மாதத்தில் ஒரே நாளில் இரண்டிலும் கயிறு விட்டு, நனைந்த அடியை எழுதிவைக்கலாம். மழை இரண்டுக்கும் பொது.