டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எசென்ஷியல்ஸ் கிட்: யாழ்ப்பாணத்தில் வாங்கி விளையாடிப் பார்த்ததில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்குப் புதியவர்களை மனத்திற்கொண்டு விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 2019 இல் வெளியிட்ட எசென்ஷியல்ஸ் கிட் பெட்டியை, அதிலுள்ள சாகசத்தை எங்கள் குழு இறுதிவரை விளையாடி முடித்த பின்னரே மதிப்பிடுகிறேன். பெட்டி கொடுத்த காசுக்குத் தகும். நான்கைந்து பேரை ஒரே நாளில் ஒரே இடத்தில் கூட்டுவது கடினமாக இருக்கின்ற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கப் பெட்டியை நான் காணவில்லை. ஆனால் அதை எனக்கு விற்ற வெளிநாட்டு இணையக் கடையின் சேவை மிகவும் மோசமானது. இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டால் பெட்டிக்கு அநியாயமாகிவிடும் என்பதால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு சில வரிகள். 1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக அமெரிக்காவில் வெளிவந்த இவ்விளையாட்டில், ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து கற்பனை உலகத்தையும் அதிலுள்ள மனிதர்களையும் மிருகங்களையும் நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்கிறார்கள். செயல் பலிக்குமா என்பது நிச்சயமில்லாத இடத்தில் இருபது முகப் பகடை உருட்டப்படுகிறது. இதற்குக் கணினியும் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை.

பெட்டிக்குள் 64 பக்க விதிநூல் ஒன்று, 'டிராகன் ஒஃப் ஐஸ்ஸ்பயர் பீக்' என்னும் 64 பக்கச் சாகசநூல் ஒன்று, 11 பகடைகள், வெற்றுப் பாத்திரத் தாள்கள், டன்ஜன் மாஸ்டர் தன் குறிப்புகளை மறைத்து வைக்கும் மட்டைத் திரை, ஒரு பக்கத்தில் ஃபண்டலின் என்ற ஊரும் மறுபக்கத்தில் அதைச் சூழ்ந்த பிரதேசமும் அச்சிடப்பட்ட வரைபடம், கிழித்தெடுத்துப் பாவிக்கும் அட்டைகள் ஆகியவை இருக்க வேண்டும். 'இருக்க வேண்டும்' என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு.

2019 இல் வெளியானபோது அமெரிக்காவில் இதன் அச்சிட்ட விலை 24.99 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா வரும். அதற்கு மேல் அனுப்புகூலியும் சுங்கத்தில் அறவிடப்படும் வரிகளும் சேரும்போது பெட்டியின் விலையைவிட அது இங்கு வந்துசேரும் செலவு கூடிவிடுகிறது. ஆகவே தொலைந்துபோகும் ஒவ்வொரு பொதியும் எங்களுக்குப் பெரிய இழப்பு. நான் கட்டளையிட்ட முதற்பொதி வந்துசேரவேயில்லை. கண்காணிப்பு இலக்கத்தைப் போட்டுப் பார்த்தால் 'ஒப்படைக்கப்பட்டது' என்று இருந்தது. ஒப்படைக்கப்பட்ட இடம் கொழும்பு என்றும் அதிலேயே தெளிவாக எழுதியிருந்தது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். இதைச் சுட்டிக்காட்டிக் கடைக்கு எழுதியபோது, உங்கள் ஊரிலுள்ள விநியோகஸ்தரிடம் கேளுங்கள் என்ற ஒரே பதிலே திரும்பத் திரும்ப வந்தது. கடனட்டை வழங்கிய வங்கியில் பிணக்கு ஒன்றைப் பதிவுசெய்யப்போவதாகக் கண்காணிப்புப் பக்கத்தின் படத்தையும் இணைத்து எழுதிய பின்னர்தான் இரண்டாவது பொதியை அனுப்பச் சம்மதித்தார்கள்.

இரண்டாவது பொதி வந்தபோது முதற்பொதிக்கு என்ன நடந்திருக்கும் என்பது ஓரளவு விளங்கியது. முகவரிச் சீட்டில் என் தொலைபேசி இலக்கம் இல்லை. கட்டளைப் படிவத்தில் நான் அதைச் சரியாகக் கொடுத்திருந்தேன், உறுதிப்படுத்தல் மின்னஞ்சலிலும் அது இருக்கிறது. ஆனால் சீட்டை அச்சிட்டவர்கள் அதை விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்குள் இருக்கும் வீடுகளைக் கூரியர்காரர் முகவரியைப் படித்துக் கண்டுபிடிப்பதில்லை. அழைப்பு எடுத்து, எந்தக் கோயிலடி, எந்தச் சந்தியால் திரும்ப வேண்டும் என்று கேட்டுத்தான் வருவார். இலக்கம் இல்லாத பொதி களஞ்சியத்தில் கிடந்து, பின்னர் எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டாவது பொதி என் கைக்கு வந்ததற்குக் காரணம், கூரியர் அலுவலகத்தில் ஒருவர் என் பெயரைப் பார்த்து, அயலில் விசாரித்து, இலக்கத்தைத் தேடி எடுத்ததுதான். அவருக்கு நான் நன்றியுடையவன்.

பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, பகடைப் பை கிழிந்திருந்தது. சிவப்பு நிறத்தில் ஒளி ஊடுருவும் அழகான பகடைகள். இரண்டு இருபது முகம், ஒரு பன்னிரண்டு முகம், இரண்டு பத்து முகம், ஓர் எட்டு முகம், நான்கு ஆறு முகம், ஒரு நான்கு முகம் என்று பதினொன்று வர வேண்டும். நான்கு முகப் பகடையும், நூற்றுவீதத்துக்குரிய பத்து முகப் பகடையும் இல்லை. பொதியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளியை அனுப்பியும் கடை அவற்றை ஈடுசெய்யவில்லை. சிறு தொகை ஒன்றைக் கழிவாகத் தருவதாகச் சொன்னார்கள், அதுவும் அடுத்த கொள்வனவில் மட்டுமே. வெளிநாட்டுக் கடைகளிடமிருந்து வாங்கும் எவரும் பொதியின் நாடாவை வெட்டுவதற்கு முன்னரே முகவரிச் சீட்டைப் படம் எடுத்துவைத்து, பிரிப்பதை முழுவதும் காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். என்னிடம் அந்தப் பதிவு இல்லாதிருந்தால் பகடைகள் இருந்தன என்றே வாதிட்டிருப்பார்கள்.

இல்லாத பகடைகளுக்காக விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதே நிலையில் பெட்டியை மூடிவைத்துக் காத்திருப்பவர்களை நான் அறிவேன். எட்டு முகப் பகடையை உருட்டி, வரும் எண்ணைப் பாதியாக்கி, பின்னம் வந்தால் மேலே கூட்டினால் ஒன்று முதல் நான்கு வரை சமவாய்ப்புடன் கிடைக்கும். நூற்றுவீதத்துக்குப் பத்து முகப் பகடை ஒன்றையே இரண்டு தடவை உருட்டி, முதலாவதைப் பத்தின் தானமாகக் கொள்ளலாம். இருபது முகப் பகடையே தொலைந்தாலும், பத்து முகத்துடன் ஆறு முகத்தையும் உருட்டி, ஆறு முகத்தில் நான்கோ அதற்கு மேலோ வந்தால் பத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பன்னிரண்டு முகத்துக்குப் பதிலாக இரண்டு ஆறு முகங்களைக் கூட்டுவது சரியாகாது. ஒன்று என்ற எண் வரவே வராது, ஏழு அடிக்கடி வரும்.

இனி விதிகள். இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த பகுதி துணைப்பாத்திரங்களுக்கான விதி என்பது என் கருத்து. ஒரு டன்ஜன் மாஸ்டரும் ஒரேயொரு விளையாட்டாளரும் இருந்தால்கூட, அந்த விளையாட்டாளர் தன் வீரனோடு ஒரு துணைவரையும் சேர்த்து நடத்தலாம். நிபுணர், மந்திரம் செய்பவர், போராளி என்ற மூன்று வகைகளில் எளிமையாக அமைக்கப்பட்டிருக்கும் அத்துணைவர் வீரனோடு சேர்ந்து வளர்கிறார். வளாகத்தில் பரீட்சைக் காலம் தொடங்கினால் எங்கள் குழுவில் இருவர் காணாமற்போவார்கள், கொழும்பில் வேலைபார்ப்பவர் மாதக் கணக்கில் வரமாட்டார். அந்த நாட்களில் விளையாட்டு நிற்காமல் போனது இந்த விதியினால்தான். சாகசநூலிலும் சில இடங்களில் எதிரிகளின் எண்ணிக்கை வீரர்களின் எண்ணிக்கைக்கேற்ப மாறுகிறது. 2014 இல் வந்த ஸ்டார்ட்டர் செட் என்னும் முந்திய தொடக்கப் பெட்டியில் ஆயத்தமாகச் செய்யப்பட்ட ஐந்து பாத்திரங்களே இருந்தன. இதிலோ நீங்களே பாத்திரத்தை உருவாக்கி ஆறாம் நிலை வரை வளர்க்கலாம்.

சாகசத்தின் அமைப்பு எளிமையானது. ஒரு வெள்ளை டிராகன் மலைக்கோட்டையைப் பிடித்துவைத்திருக்கிறது. ஊர்த்தலைவர் பயத்தால் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே பேசுகிறார், வேலைகளை மட்டும் அறிவித்தற்பலகையில் ஒட்டிவிடுகிறார். எந்த வேலையை எடுப்பது என்பது விளையாட்டாளர்களின் தெரிவு. புதிய டன்ஜன் மாஸ்டருக்கு இது மிகவும் உதவியானது, ஏனெனில் ஒவ்வொரு இடத்தையும் ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். குறை என்னவென்றால், அந்த இடங்களுக்கிடையில் டிராகனைத் தவிர வேறு தொடர்பு மிகக் குறைவு. இடையில் சேர்ந்த எங்கள் நண்பர் ஒருவர், தான் எதற்காக இங்கே போகிறேன் என்று கேட்டபோது நூலிலிருந்து கொடுக்கக்கூடிய பதில் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை அம்பிரேஜ் ஹில் என்னும் குன்றில் இருக்கிறது. தொடக்கத்திலேயே எடுக்கக்கூடிய மூன்று வேலைகளில் ஒன்றான இங்கு, காற்றாலை ஒன்றில் வாழும் மருத்துவச்சியை மன்டிக்கோர் என்னும், சிறகும் முள்வாலும் கொண்ட கற்பனை மிருகம் ஒன்று தாக்கிக்கொண்டிருக்கிறது. அதன் ஹிட் பொயின்ற் (தாங்கக்கூடிய சேதத்தின் அளவு) 68, ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 14. பறக்கவும் செய்யும். ஒரு சுற்றில் மூன்று தடவை வால்முள்ளை எய்யும், ஒவ்வொன்றும் பட்டால் சராசரியாக ஏழு பொயின்ற் சேதம். முதலாம் நிலை மந்திரவாதிக்கு மொத்தமே எட்டுப் பொயின்ற் அளவில்தான் இருக்கும். அதாவது இரண்டு முள் பட்டால் அவர் தரையில். சண்டைபிடித்தே தீர வேண்டும் என்று நினைக்கும் புதிய குழு இங்கேயே முழுதாக அழிந்துபோகும்.

மன்டிக்கோருக்குப் பசி என்பதும், உணவோ பொருளோ கொடுத்து அதைப் போகச்செய்யலாம் என்பதும் நூலில் உண்டு. ஆனால் அது பேசும் மிருகம் என்பதை விளையாட்டாளர்களுக்கு எப்படி உணர்த்துவது என்று டன்ஜன் மாஸ்டருக்குப் போதிய வழிகாட்டல் தரப்படவில்லை. எங்கள் மேசையில், மந்திரவாதி விழுந்த பிறகு, க.பொ.த. சாதாரணதரம் படிக்கும் என் மருமகள்தான் பாத்திரத் தாளைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, உதோட கதைக்கேலாதோ?" என்று கேட்டாள். பையிலிருந்த உணவு முழுவதையும் கொடுத்து அதை அனுப்பிவைத்தார்கள். மிக நல்ல மாலை அது. அந்தக் கேள்வி எழாதிருந்தால் முதல் வாரமே பலர் விளையாட்டை விட்டிருப்பார்கள். இதை நடத்தப்போகும் டன்ஜன் மாஸ்டருக்கு நான் சொல்வது, வீரர்கள் குன்றில் ஏறும்போதே மன்டிக்கோர் வாய்விட்டுப் பேசட்டும். பசிக்கிறது என்று அது மருத்துவச்சியிடம் கத்துவதைத் தூரத்திலிருந்தே கேட்கவைத்தால் போதும், விதி எதையும் மாற்ற வேண்டியதில்லை.

குணப்படுத்தும் விதிகளும் எங்களைச் சலிக்கவைத்தன. இப்பெட்டி 2014 இல் வெளியான பதிப்பின் விதிகளைப் பின்பற்றுவதால், கியூர் வூண்ட்ஸ் மந்திரம் முதலாம் நிலையில் ஒரே ஓர் எட்டு முகப் பகடையோடு பாத்திரத்தின் மந்திரத் திறன் எண்ணை மட்டுமே கொடுக்கிறது. மருந்து குடிப்பதற்கு அந்தச் சுற்றின் முழுச் செயலையும் செலவிட வேண்டும். எதிரி ஒரு சுற்றில் கொடுக்கும் சேதத்தைவிடக் குறைவாகக் குணமாக்குவதற்கு ஒருவர் தன் முறையை இழப்பதால், எவரும் விழும்வரை யாரும் குணப்படுத்துவதில்லை. அருட்பணியாளர் பாத்திரத்தை எடுத்தவருக்கு இது மனவருத்தத்தையே தந்தது. 2024 இல் வெளியான புதிய பிளேயர்ஸ் ஹாண்ட்புக் என்னும் முதன்மை விதிநூலில் இதே மந்திரம் இரண்டு பகடைகளாக்கப்பட்டு, மருந்து குடிப்பதும் சிறுசெயலாக மாற்றப்பட்டிருக்கிறது. இவ்விரு மாற்றங்களையும் பெட்டியோடு சேர்த்தே விளையாடினோம். எதுவும் குலையவில்லை, சண்டைகள் தெளிவாகவே மேம்பட்டன.

அம்மாற்றங்களுக்கு முன்னர், 2022 முதல் வரைவு விதிகளை வெளியிட்டு விளையாட்டாளர்களின் கருத்தைக் கேள்விக்கொத்துகள் மூலம் கேட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு விதி பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதாமல், எத்தனையாம் நிலையில், எத்தனை பேரோடு, எந்தச் சுற்றில் என்ன நடந்தது என்று எழுதினால்தான் அதற்குப் பயன் உண்டு. எங்கள் குழு இப்போது ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் அப்படியே குறித்துவைக்கிறது.

விதிகளுக்காகவே இன்னொரு நூல் வாங்க நினைப்பவர்கள் முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். 2023 ஜனவரியில், இவ்விதிகளைப் பிறர் பயன்படுத்துவதற்கான உரிமத்தை மாற்ற நிறுவனம் முயன்று, விளையாட்டாளர்கள் பெருமளவில் எதிர்த்ததைத் தொடர்ந்து, எஸ்.ஆர்.டி. 5.1 என்னும் ஏறக்குறைய 400 பக்க அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் விடப்பட்டது. 2024 விதிகளுக்கு இசைவான 5.2 தொகுப்பு 2025 இல் வந்தது. மூலத்தைக் குறிப்பிடும் நிபந்தனையோடு இவற்றை அச்சிடலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். எங்களுக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் வளாகத்துக்கு அருகிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் எடுத்துக் கட்டிவைத்திருக்கிறோம். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் இளையவர்களுக்காக மந்திரப் பட்டியலை நாங்களே தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

பெட்டியை வாங்க விரும்புவோர், என்னைப் போல நேரடியாக வெளிநாட்டுக் கடையில் கட்டளையிடாமல், நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லிவையுங்கள். பயணப்பெட்டியின் அடியில் தட்டையாக வைத்தால் மூலை நசுங்காது. அதற்கு வழியில்லாதவர்கள், முகவரியின் முதல் வரியிலேயே பெயரோடு சேர்த்துத் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவிடுங்கள், அப்போது சீட்டில் அது விடுபடாது. பழைய பெட்டியை எவரிடமாவது வாங்குவதாக இருந்தால், பகடைகளை எண்ணிப் பார்ப்பதோடு, மேலும் மூன்று சாகசங்களை இணையத்தில் திறப்பதற்காக உள்ளே வரும் இரகசியக் குறியீடு ஏற்கெனவே பாவிக்கப்பட்டுவிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாவித்திருந்தால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.