பழைய வெபர் கார்புரேட்டர் வாங்கப் போகிறீர்களா? மாடல் எண்ணை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்

லோட்டஸ் எலான் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு வெபர் கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ‘40 டிசிஓஇ 18, போலோனியாவில் செய்தது, எலானிலிருந்து கழற்றிய அசல் ஜோடி’ என்று விளம்பரம் போட்டிருந்தார் இங்கிலாந்தில் ஒரு விற்பனையாளர். 1,200 பவுண்ட் வாங்கிக்கொண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கார்புரேட்டர்களை என் தலையில் கட்டிவிட்டார்.

இந்தச் சாமானுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்று கேட்கலாம். 1962இல் வந்த எலானின் எஞ்சினுக்கு அடிப்பாகம் ஃபோர்டுடையது. அதன் மேல் ஹாரி மண்டி வடிவமைத்த இரட்டை கேம்ஷாஃப்ட் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்). 1558 சிசி, நான்கு சிலிண்டர். இரட்டைக் குழல் வெபர் இரண்டு பூட்டினால் சிலிண்டருக்கு ஒரு குழல் கிடைக்கும். கார்புரேட்டர் வந்து உட்காரும் குழாய்கள் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. அதனால் நினைத்த வேறு வகைக் கார்புரேட்டரை எல்லாம் மாற்றிப் போட முடியாது. பின்னாளில் ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டரோடு வந்த எலான்களுக்கு ஹெட்டே வேறு. ஆக, வெபர் ஹெட் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதே சாமானைத்தான் தேடுகிறார்கள். அதிலும் 18, 31 போன்ற எலான் காலத்து எண்கள் என்றால் விலை ஏறிவிடும்.

இந்த வெபரில் விலை எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு), பெட்ரோலில் காற்றைக் கலக்கும் எமல்ஷன் ட்யூப், உள்ளே இருக்கும் சோக் (காற்று வழியைக் குறுக்கும் வளையம்) எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. புதிதாகவே வாங்கலாம். மாற்ற முடியாதது பாடி மட்டும்தான். ஐடிலிலிருந்து (பெடலை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) மெயின் ஜெட்டுக்குப் போகும் இடைவெளியில் பெட்ரோல் விடுவதற்காக, பெடலை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகட்டின் ஓரத்தையொட்டி பாடியில் பொடி ஓட்டைகள் துளைத்திருப்பார்கள். ப்ரோக்ரெஷன் ஓட்டை என்பார்கள். எத்தனை ஓட்டை, எந்த இடத்தில் என்பது மாடலுக்கு மாடல் மாறும். எண்ணில் வரும் அந்த 18க்கு இப்படிப்பட்ட வித்தியாசங்கள்தான் அர்த்தம் தருகின்றன. எண்ணை அழித்து மறுபடி பொறிக்கலாம், ஓட்டையை அப்படி ஏமாற்ற முடியாது.

வாங்குவதற்கு முன்பு, “இரண்டும் ஒரே காரிலிருந்து வந்ததா?” என்று எழுதிக் கேட்டேன். “ஆமாம், நானே கழற்றினேன்” என்று பதில் வந்தது. படங்களில் இரண்டும் புத்தம் புதிதுபோல மின்னின.

பூட்டியதும் ஐடில் சுத்தமாக இருந்தது. முழு த்ராட்டிலிலும் குறை தெரியவில்லை. ஆனால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது பெடலை லேசாக மிதித்தால் வண்டி ஒரு கணம் திக்கும், பின்பக்கத்து இரண்டு குழல்களிலிருந்து ‘பட்’டென்று எதிர்வெடி வரும். காற்றளவு மீட்டர் வைத்து இரண்டையும் சமன் செய்து பார்த்தோம். ஐடில் ஜெட் மாற்றினோம், ஃப்ளோட் மட்டம் (உள்ளே நிற்கும் பெட்ரோலின் மட்டம்) சரி பார்த்தோம். எதற்கும் மசியவில்லை.

கடைசியில், இந்த எஞ்சின்களிலேயே காலம் கழித்த ஒரு பெரியவரின் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் ஜெட்டைத் தொடவே இல்லை. ஒவ்வொரு குழலுக்கும் மேலே ப்ரோக்ரெஷன் ஓட்டைகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு சின்ன பித்தளை ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு கார்புரேட்டரில் மூன்று ஓட்டை, இன்னொன்றில் இரண்டு. லேசாக மிதிக்கும்போது வண்டி திக்கியது இதனால்தான். அப்புறம் எண் இருக்கும் இடத்தை லென்ஸ் வைத்துக் காட்டினார். பாடி முழுக்க வார்ப்பின் சொரசொரப்பு இருக்க, எண்ணைச் சுற்றி மட்டும் வழவழவென்று அரம் போட்ட கோடுகள். 1 ஒரு உயரம், 8 ஒரு உயரம். 8 கொஞ்சம் சாய்ந்துகூட நின்றது. அந்த மினுமினுப்பின் காரணமும் அப்போதுதான் விளங்கியது. வேப்பர் ப்ளாஸ்டிங் (தண்ணீரோடு பொடியைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சுத்தம் செய்வது) செய்து அரம் போட்ட தடத்தை மங்கவைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் எண்ணுக்கு ஒரு கிட்டப் படம்கூட இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் வெபர் தயாரிப்பு இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குப் போனது. ஸ்பெயின் வெபரும் அசல் வெபர்தான், நன்றாகவே ஓடும். ஓட்டுவதற்கு மட்டும் வேண்டுமென்றால் தயங்காமல் அதை வாங்கலாம். என் கோபம் சாமானின் மேல் இல்லை. வெவ்வேறு பாடிகளில் ஒரே எண்ணை அடித்து, அதை வரலாறு என்று விற்ற மனிதர் மேல்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முதலில், “காரில் அப்படித்தான் இருந்தது” என்றார். படங்களை அனுப்பினேன். “பார்த்து வாங்கியது, திரும்ப எடுக்க முடியாது” என்றார். அதன் பிறகு பதிலே இல்லை. இங்கிலாந்தில் தனிநபர் விற்றாலும், பொருள் வர்ணித்தபடி இருக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது. 10,000 பவுண்ட் வரையிலான வழக்கைச் சிறு உரிமைக் கோரிக்கையாக வக்கீல் இல்லாமலே போடலாம். நான் போட்டிருக்கிறேன். “நானே கழற்றினேன்” என்று அவர் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமான சான்று. நீங்களும் எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், பதிலை அழித்துவிடாதீர்கள்.

எண்ணைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். நான்கு பித்தளை ஸ்க்ரூவையும் கழற்றி உள்ளே எடுத்த படம் கேளுங்கள். நேர்மையாக விற்கிறவருக்கு இது சிறிது நேர வேலை. சாக்குச் சொன்னால் விலகிவிடுங்கள். போன வாரம் அதே விற்பனையாளரின் கணக்கிலிருந்து ஆல்ஃபா ரோமியோவுக்கான ‘அசல் ஜோடி’ ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே மினுமினுப்பு, அதே கோணத்தில் படங்கள், எண் தெரியும் படம் இதிலும் இல்லை.