ஆட்குறைப்பு, மின்சிக்கனம், சரக்குக் கட்டுப்பாடு: கடைச் செலவை எங்கிருந்து குறைப்பது?

சில்லறைக் கடையின் மாதச் செலவு கட்டுக்கடங்காமல் போகும்போது, பெரும்பாலும் முதலில் கை வைக்கப்படுவது ஊழியர் எண்ணிக்கையில்தான். வாடகையை ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளையில் மட்டுமே பேச முடியும் என்பதால், முதலாளியின் கையில் உண்மையில் இருப்பவை ஆள், மின்சாரம், சரக்கு ஆகிய மூன்றே.

ஆட்குறைப்பின் கவர்ச்சி அதன் வேகம். முதலீடு ஏதுமின்றி அடுத்த மாதக் கணக்கிலேயே பலன் தெரிந்துவிடும். ஆனால் மொத்த லாபம் (விற்பனையில் கொள்முதல் விலை போக மிஞ்சுவது) 25 சதவீதமாக உள்ள கடையில், சம்பளத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு 100 ரூபாயும், விற்பனை 400 ரூபாய் குறைந்தாலே கரைந்துபோகும். அந்தக் குறைவு எளிதில் நேரக்கூடியது: பின்னறையில் பெட்டியாகக் கிடக்கும் பொருளை எடுத்து அடுக்க ஆள் இருக்காது, கணினியோ கையிருப்பு உள்ளது என்று காட்டுவதால் புதிய ஆர்டரும் போகாது, வாடிக்கையாளர் வெறும் அடுக்கைப் பார்த்துத் திரும்பிவிடுவார். இந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை என்பதே என் பெரிய கவலை. மிச்சம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதால், தவறான முடிவு சரியானதாகவே நீடிக்கிறது.

மின்சிக்கனத்துக்கு முன்பணம் வேண்டும். விற்பனையை அது பெரும்பாலும் தொடுவதில்லை. குளிர்பதன அடுக்குகள் உள்ள கடைக்கு இது மிகவும் பொருந்தும். கதவில்லாத நிமிர்ந்த அடுக்கில், கம்ப்ரசரின் உழைப்பில் பெரும்பகுதி உள்ளே புகும் வெளிக்காற்றைக் குளிர்விப்பதிலேயே வீணாகிறது. கண்ணாடிக் கதவு அதைத் தடுக்கிறது. வேகத்தை மாற்றக்கூடிய காற்றாடிகளில் மின்தேவை ஏறத்தாழ வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறுவதால், 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் கோட்பாட்டளவில் பாதி மின்சாரமே போதும். குழல்விளக்குகளுக்குப் பதில் எல்இடி பொருத்தினால் வெப்பமும் குறைந்து, ஏசியின் சுமையும் இறங்கும். குளிர்பதனமே இல்லாத சிறு கடைக்கு, விளக்கு மாற்றத்தைத் தாண்டி இவ்வழியில் பெரிதாக ஏதும் கிடைக்காது.

சரக்குக் கட்டுப்பாடு முன்பணம் கேட்பதில்லை. முடங்கிய பணத்தை விடுவித்துக் கையில் தருகிறது. ஆர்டர் போடும் செலவையும் சரக்கை வைத்திருக்கும் செலவையும் சமன்செய்து உகந்த கொள்முதல் அளவைக் காணும் சூத்திரத்தை அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் 1913-லேயே வெளியிட்டார். அதன்படி, உகந்த அளவைவிட 25 சதவீதம் கூடுதலாக வாங்கினால் இவ்விரு செலவுகளின் கூட்டுத்தொகை 2.5 சதவீதமே உயரும். இருமடங்கு வாங்கினால் 25 சதவீதம் உயரும். ஆகவே சிறு பிசகுக்கு அஞ்ச வேண்டியதில்லை, மொத்தக் கொள்முதல் தள்ளுபடிக்கு மயங்கிக் குவிப்பதற்கே அஞ்ச வேண்டும். விரைவில் கெடும் பொருள்களுக்கு இச்சூத்திரம் பொருந்தாது; அவற்றில் காலாவதித் தேதியே அளவைத் தீர்மானிக்கும். இந்த வழி கேட்கும் விலை ஒழுங்கு: குறிப்பிட்ட இடைவெளியில் சரக்கை எண்ணிக் கணினிக் கணக்கோடு ஒப்பிடும் வேலை, அதைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் நின்றுவிடும்.

எனவே என் பரிந்துரை, சரக்கில் தொடங்கி, அங்கே விடுபடும் பணத்தைக் கொண்டு குளிர்பதன அடுக்குகளுக்குக் கதவு போடுவதே. அதுவரை ஊழியர் பட்டியலில் செய்யத்தக்கது, பில்களில் பதிவான நேரத்தைப் பார்த்து, கூட்டமில்லாத வேளையிலிருந்து நெரிசலான வேளைக்கு ஷிப்டுகளை நகர்த்துவது மட்டுமே.